தகரப் பேணிக்குள் கிடக்கும் அமெரிக்க வெள்ளிக் காசு: என்ன விலை போகும்?

திருகோணமலையில் அம்மம்மாமாரின் றங்குப் பெட்டியைக் கிளறினால் அடியில் ஒரு தகரப் பேணி அகப்படும். உள்ளே விக்டோரியா ராணியின் ரூபா, ஐந்தாம் ஜோர்ஜின் ஐம்பது சதம், கறுத்துப்போன கொலுசுத் துண்டு, இவற்றோடு எப்படி வந்ததென்று யாருக்கும் தெரியாத கழுகுக் காசு ஒன்று. துறைமுகப் பட்டினத்தில் இதற்கு அதிசயப்பட வேண்டியதில்லை. 1944 மார்ச் இறுதியில் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலான சரடோகா, பிரித்தானியக் கிழக்குக் கடற்படையோடு சேர்வதற்காக இங்கே வந்து நின்றது. ஏப்ரலில் சுமாத்திராப் பக்கத்துச் சபாங் மீது நடந்த தாக்குதலுக்கு இங்கிருந்துதான் போனது. அந்தக் காலத்து அமெரிக்கச் சில்லறையில் பத்துச் சதம் முதல் அரை டொலர் வரை எல்லாமே வெள்ளி. ஐந்து சதத்தில்கூட வெள்ளி கலந்திருந்தது.

காசைக் கண்டவுடன் வீட்டில் எழும் கேள்வி, இதற்கு எத்தனை இலட்சம் வரும் என்பதுதான். யூடியூப் பார்த்த பலன். உள்ளதைச் சொன்னால், இங்கே அகப்படும் அமெரிக்கக் காசுகளில் பெரும்பாலானவை அவற்றில் உள்ள வெள்ளியின் விலைக்குத்தான் போகும். ஆனால் அந்த விலையையே சரியாகக் கணக்குப் பார்க்கத் தெரியாமல் பாதிக்குக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் பலர். ஆகவே முதலில் வெள்ளிக் கணக்கு. அரிய காசா என்ற ஆராய்ச்சி அதற்குப் பிறகு.

ஆண்டைப் பாருங்கள். 1964 தான் எல்லைக்கோடு. அந்த ஆண்டுவரையான பத்துச் சதம், கால் டொலர், அரை டொலர் மூன்றும், 1935 வரையான வெள்ளி டொலரும், நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி, மிச்சம் செம்பு. பத்துச் சதத்தை அவர்கள் டைம் என்பார்கள். காசின் மேலும் அப்படித்தான் எழுதியிருக்கும், 10 என்ற இலக்கத்தைத் தேடினால் கிடைக்காது. 1965 இல் வந்த நாணயச் சட்டம் டைமிலும் கால் டொலரிலும் வெள்ளியை அடியோடு நிறுத்தியது. அரை டொலருக்கு மட்டும் 1970 வரை 40 சதவீதம் விட்டுவைத்தது. ஆண்டு தேய்ந்து தெரியாவிட்டால் விளிம்பைப் பாருங்கள். 1965 இலிருந்து வந்த கால் டொலரின் விளிம்பில் நடுவே செம்புக் கோடு ஓடும், பாணுக்கு நடுவில் ஜாம் பூசியதைப் போல. பழைய காசின் விளிம்பு முழுக்க ஒரே வெள்ளை.

ஐந்து சதம் தனிக் கதை. அது வழக்கமாகச் செம்பும் நிக்கலும் கலந்தது. போருக்கு நிக்கல் தேவைப்பட்டதால் 1942 இன் பிற்பகுதியிலிருந்து 1945 வரை 35 சதவீதம் வெள்ளி கலந்து அடித்தார்கள். அடையாளம் பின்பக்கத்தில் மாளிகைக் கூரைக்கு மேலே இருக்கும் பெரிய நாணயசாலை எழுத்து: பி, டி அல்லது எஸ் (பிலடெல்பியா, டென்வர், சான் பிரான்சிஸ்கோ). பிலடெல்பியா நாணயசாலை தன் பி எழுத்தை ஒரு காசில் போட்டது அதுதான் முதல் தடவை. 1942 காசில் அந்தப் பெரிய எழுத்து கூரைக்கு மேலே இல்லாவிட்டால் அது வெள்ளி கலக்காதது.

1943 ஆம் ஆண்டின் வெள்ளை நிற ஒரு சதத்தையும் வெள்ளி என்று நினைத்து வைத்திருப்பார்கள். அது துத்தநாகம் பூசிய உருக்கு. குளிரூட்டிக் கதவில் ஒட்டும் காந்தத்தைக் காட்டினால் ஓடிவந்து பிடிக்கும்.

இனி நிறை. கறி மிளகாய் நிறுக்கும் சமையலறைத் தராசு இதற்கு உதவாது. 0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்தராசு வேண்டும். வாங்கியவுடன் தெரிந்த நகைக்கடைத் தராசில் ஒரு மோதிரத்தை நிறுத்து, அதே மோதிரத்தை உங்கள் தராசிலும் நிறுத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். நிறுக்கும்போது மேலே சுற்றும் மின்விசிறியை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கடைசி இலக்கம் நிற்காமல் ஆடும்.

பெரிய வெள்ளி டொலரின் வகைகளான மோர்கன் டொலர், பீஸ் டொலர் இரண்டுக்கும் 26.73 கிராம், அகலம் 38.1 மில்லிமீற்றர். அரை டொலர் 12.5 கிராம், 30.6 மில்லிமீற்றர். கால் டொலர் 6.25 கிராம், 24.3 மில்லிமீற்றர். டைம் 2.5 கிராம், 17.9 மில்லிமீற்றர். 40 சதவீத அரை டொலர் 11.5 கிராம். போர்க்கால ஐந்து சதம் 5 கிராம். புழங்கிய காசு இதைவிடக் கொஞ்சம் குறையும்: நன்றாகத் தேய்ந்த டைம் 2.3 கிராம் காட்டினால் பயப்பட வேண்டாம். கூடக் காட்டினால்தான் சந்தேகம். பாவித்துப் பாவித்து நிறை கூடிய வெள்ளிக் காசு உலகத்தில் கிடையாது.

இன்னொரு தடுமாற்றம் நம் பக்கத்துக்கே உரியது. பழைய வெள்ளி ரூபாவும் அமெரிக்க அரை டொலரும் ஏறக்குறைய ஒரே அகலம். கறுத்துப்போய் ஒரே முடிச்சில் கிடந்தால் கை வித்தியாசம் காணாது. தராசு காணும்: ரூபா 11.66 கிராம், அரை டொலர் 12.5.

இந்த நிறைகளில் தூய வெள்ளி எவ்வளவு என்பதுதான் கணக்கின் அடிப்படை. உலகச் சந்தையில் வெள்ளி ட்ரோய் அவுன்சில்தான் விலை பேசப்படும். ஒரு ட்ரோய் அவுன்ஸ் 31.1035 கிராம். பலர் 28.35 கிராம் கொண்ட சாதாரண அவுன்சால் வகுத்துவிட்டு, கடைக்காரர் பத்து சதவீதம் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகிறார்கள். பிழை கடைக்காரரில் இல்லை. புதுக்கருக்கோடு உள்ள வெள்ளி டொலரில் 0.7734 அவுன்ஸ் தூய வெள்ளி, அரை டொலரில் 0.3617, கால் டொலரில் 0.1808, டைமில் 0.0723. 40 சதவீத அரை டொலரில் 0.1479, போர்க்கால ஐந்து சதத்தில் 0.0563.

சில்லறை நிறையக் கிடந்தால் ஒவ்வொன்றாக நிறுக்க வேண்டாம். டைம், கால், அரை மூன்றும் ஒரே விகிதத்தில் அடிக்கப்பட்டவை என்பதால் முகப்பெறுமதியைக் கூட்டினால் போதும். ஒரு டொலர் பெறுமதியான சில்லறைக்கு 0.7234 அவுன்ஸ். தேய்ந்த காசுக்கு வியாபாரிகள் 0.715 என்று எடுப்பார்கள். பெரிய வெள்ளி டொலரை இந்தக் கூட்டலுக்குள் சேர்க்காதீர்கள், அதில் வெள்ளி கொஞ்சம் கூட.

ஒரு பேணியை எடுத்துக்கொள்வோம். மூன்று மெர்குரி டைம் (சிறகுத் தொப்பித் தலை பதித்தவை), 1943 வோக்கிங் லிபர்ட்டி அரை டொலர் (நடந்துவரும் பெண் உருவம்) ஒன்று, 1944 ஐந்து சதம் ஒன்று, 1967 கால் டொலர் ஒன்று, 1968 கென்னடி அரை டொலர் ஒன்று. வெள்ளி அவுன்ஸ் 30 டொலர், டொலர் 300 ரூபா என்று கணக்குக்காக வைப்போம். இரண்டையும் அன்றன்று பார்த்து மாற்றிப் போடுங்கள். அப்படியானால் அவுன்ஸ் 9,000 ரூபா. டைம் மூன்றும் 1943 அரை டொலரும் சேர்ந்து முகப்பெறுமதி 80 சதம். அதை 0.715 ஆல் பெருக்க 0.572 அவுன்ஸ், 5,148 ரூபா. ஐந்து சதத்துக்கு 506 ரூபா. கென்னடி காசு 40 சதவீதம் என்பதால் 1,331 ரூபா. 1967 கால் டொலருக்கு வெள்ளிக் கணக்கில் ஒன்றும் இல்லை. மொத்தம் 6,985 ரூபா. பேணிக்குள் இருப்பது இவ்வளவு என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போவதற்கும், வெறுங்கையோடு போய் "பார்த்துத் தாங்கோ" என்று நிற்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

இதெல்லாம் காசு உண்மையாக இருந்தால்.

போலி விஷயத்தில் சில்லறையைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. சாதாரண ஆண்டு டைமைப் போலியாக அடித்து யாருக்கும் இலாபம் வராது. சந்தேகப்பட வேண்டியது பெரிய டொலர்களை, அதிலும் ட்ரேட் டொலரை. 1873 முதல் 1878 வரை, கிழக்காசிய வணிகத்துக்கென்றே அடித்து அனுப்பிய காசு அது. 27.22 கிராம். பின்பக்கத்தில் 420 கிரெயின், 900 தூய்மை என்று பொறித்திருக்கும். சீன வியாபாரிகள் குத்திய சிறு முத்திரைகளோடு உண்மையான காசுகளே உண்டு. அந்த முத்திரையையும் சேர்த்துப் போலி செய்கிறார்கள். கடற்கரைத் தட்டில் மலிவாகக் கிடைக்கும் ட்ரேட் டொலரைத் தூக்கிப் பார்த்தாலே கை சொல்லிவிடும், அநேகமாக ஐந்தாறு கிராம் குறையும்.

நிறை சரியாக இருந்தாலும் தண்ணீர்ச் சோதனை செய்யுங்கள். காசுக்கு ஒரு கீறலும் விழாது. கண்ணாடிக் குவளையில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்துப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். காசை மெல்லிய தையல் நூலில் கட்டி, முழுவதும் மூழ்கும்படி இறக்குங்கள். குவளையின் அடியிலும் முட்டக்கூடாது, கரையிலும் முட்டக்கூடாது. அப்போது தராசில் தெரியும் எண், காசு ஒதுக்கிய தண்ணீரின் நிறை. காசின் நிறையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி. தொண்ணூறு சதவீத வெள்ளிக்கு 10.3 வர வேண்டும். 26.73 கிராம் டொலருக்குத் தராசு 2.58 அல்லது 2.59 காட்டும். அதே நிறையில் செம்பு நிக்கல் கலவை என்றால் 3.00. பித்தளையானால் இன்னும் கூடும்.

இதில் பிழை வரும் இடங்கள் தெரிந்தவைதான். காசில் ஒட்டிய காற்றுக்குமிழி எண்ணைக் கூட்டிக் காட்டும். கொதிக்க வைத்து ஆற்றிய குழாய்த் தண்ணீரில் குமிழி குறைவு. கடற்கரைப் பக்கக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கலந்தது, வேண்டாம். கை நடுங்கினால் எண் ஓடிக்கொண்டே இருக்கும். நூலை அகப்பைக் காம்பில் கட்டி, தராசைத் தொடாத இரண்டு பேணிகளின் மேல் காம்பைக் குறுக்கே வைத்துவிட்டால் கைக்கு வேலை இல்லை. டைமைத் தனியாகச் சோதிக்காதீர்கள். அது ஒதுக்குவது 0.24 கிராம்தான். தராசு 0.01 பிசகினாலே விடை நான்கு சதவீதம் பிசகும். பத்து டைமை ஒன்றாக ஒரு நூல் வலையில் போட்டுச் செய்யுங்கள்.

காந்தம் ஒட்டவில்லை என்பதற்காக வெள்ளி என்று முடிவுகட்ட முடியாது, செம்பிலும் பித்தளையிலும்கூட ஒட்டாது. ஒட்டினால் மட்டும் கதை முடிந்தது. காசை விரல் நுனியில் நிறுத்தி இன்னொரு காசால் மெதுவாகத் தட்டினால் வெள்ளி நீண்டு ஒலிக்கும், வார்த்த போலி டொக்கென்று அடங்கும். சீமெந்துத் தரையில் போட்டுப் பார்ப்பது பழைய வழக்கம். விளிம்பில் ஒரு பள்ளம் விழுந்தால் நல்ல காசு கெட்டது, அதைச் செய்ய வேண்டாம்.

கண்ணால் பார்க்க வேண்டியதும் உண்டு. பத்து மடங்கு காட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கிறதா, வெற்றிடத்தில் பரு போலச் சின்னப் புடைப்புகள் இருக்கின்றனவா, விளிம்பைச் சுற்றி ஒட்டுக் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். அதற்கு முன்பே ஆண்டும் எழுத்தும் பொருந்துகின்றனவா என்று பார்த்தால் பாதிப் போலிகள் அங்கேயே விழுந்துவிடும். மோர்கன் டொலர் 1878 முதல் 1904 வரை, பிறகு 1921. 2021 இலிருந்து வந்த புதுப்பதிப்பு வேறு. ஆகவே 1876 மோர்கன் என்று ஒன்று கிடையாது. பின்பக்கத்தில் மாலைக்குக் கீழே, டொலர் என்ற சொல்லின் டி, ஓ எழுத்துகளுக்கு மேலே நாணயசாலை எழுத்து இருக்கும். எஸ் என்றால் சான் பிரான்சிஸ்கோ, ஓ என்றால் நியூ ஓர்லியன்ஸ், சி.சி. என்றால் கார்சன் சிற்றி, எழுத்தில்லாவிட்டால் பிலடெல்பியா. கார்சன் சிற்றி 1886, 1887, 1888 ஆகிய மூன்று ஆண்டுகளில் மோர்கன் அடிக்கவில்லை. டென்வரின் டி எழுத்து பழைய மோர்கனில் 1921 இல் மட்டும் வரும். 1888 சி.சி. ஒன்றை யாராவது நீட்டினால் தராசை எடுக்கவே தேவையில்லை. பீஸ் டொலர் 1921 முதல் 1928 வரை, பிறகு 1934, 1935. 1964 பீஸ் டொலர் என்று சொல்லி விற்கப்படுவதை நம்பாதீர்கள். டென்வரில் மூன்று இலட்சத்துக்கு மேல் அடித்து, வெளியே விடாமல் எல்லாவற்றையும் உருக்கிவிட்டார்கள்.

கஷ்டமான போலி வேறொன்று: காசு உண்மை, வெள்ளி உண்மை, எழுத்து மட்டும் பொய். 1893 எஸ் மோர்கன் ஓர் இலட்சம்தான் அடிக்கப்பட்டது, மோர்கன் வரிசையின் தலை. சாதாரண 1893 காசில் எஸ் எழுத்தை ஒட்டுவார்கள், அல்லது 1898 எஸ் காசின் கடைசி எட்டை மூன்றாகச் செதுக்குவார்கள். உண்மையான 1893 எஸ் காசில் லிபர்ட்டி என்ற சொல்லின் டி (T) எழுத்துக்குள், அச்சிலேயே விழுந்த ஒரு சரிந்த கீறல் புடைத்துத் தெரியும். அது இல்லாத, தேயாத காசை நம்ப முடியாது. 1916 டி டைமும் இதே கதை. 264,000 மட்டுமே அடித்தார்கள். பிலடெல்பியாவின் 1916 டைமில் டி ஒட்டிய காசுகள் தாராளம். 1928 பீஸ் டொலரில் எதிர்மாறான வேலை நடக்கும். பிலடெல்பியா காசு 360,649 மட்டுமே என்பதால் சான் பிரான்சிஸ்கோ காசின் எஸ் எழுத்தைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் மேற்பரப்பு மற்ற இடத்தைவிட வேறுவிதமாக மினுங்குகிறதா என்று சரிந்த வெளிச்சத்தில் பாருங்கள். தண்ணீர்ச் சோதனை இவற்றில் ஒன்றையும் பிடிக்காது.

அரிய ஆண்டா என்று தேடும்போது எத்தனை அடித்தார்கள் என்ற எண்ணிக்கையை மட்டும் வைத்து ஏமாற வேண்டாம். அமெரிக்காவின் 1918 பிட்மன் சட்டத்தின் கீழ் 270 மில்லியனுக்கு மேற்பட்ட வெள்ளி டொலர்கள் உருக்கப்பட்டன. அதில் பெரும்பங்கு வெள்ளியைப் பிரித்தானியா இந்தியாவுக்காக வாங்கியது, ரூபா நோட்டுக்கு ஈடு கொடுக்க வெள்ளி போதாமல் திண்டாடிய நேரம் அது. அந்தக் காலத்து ஐந்தாம் ஜோர்ஜ் ரூபாவுக்குள் பழைய மோர்கன் ஒன்று கரைந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. எந்த ஆண்டுக் காசு எத்தனை உருகியது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால் கோடிக்கணக்கில் அடித்த ஆண்டு அரிதாகவும், குறைவாக அடித்த ஆண்டு தாராளமாகவும் இருக்கலாம். 1903 ஓ மோர்கன் மிக அரியது என்று விலை ஏறிக் கிடந்தது. 1962 இல் அமெரிக்கக் கருவூலம் மூட்டைகளை அவிழ்த்தபோது புதுக்கருக்கோடு குவியலாக வெளியே வந்தது, விலை தலைகீழாக விழுந்தது. சி.சி. என்றாலே பெரும் பணம் என்பதும் அரை உண்மை. 1884 சி.சி. 1,136,000 அடித்தார்கள், அதில் ஏறக்குறைய 85 சதவீதம் பாவிக்கப்படாமலே அரசிடம் கிடந்து 1970களிலும் 1980 இலும் விற்கப்பட்டது. அது நல்ல காசுதான், அரிய காசு என்று சொல்ல முடியாது. 1889 சி.சி. வேறு சாதி, 350,000 அடித்து மிஞ்சியது கொஞ்சம்.

மறுபக்கத்தில், வெள்ளி விலைக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாதவை: 1921 மோர்கன் மூன்று நாணயசாலையிலும் சேர்ந்து 86 மில்லியனுக்கு மேல். 1964 கென்னடி அரை டொலர் நானூறு மில்லியனுக்கு மேல். 1940களின் மெர்குரி டைம், வோக்கிங் லிபர்ட்டி, 1950களின் பிராங்கிளின் அரை டொலர் எல்லாம் புழங்கிய நிலையில் வெள்ளிக் கணக்கோடு சரி. மெர்குரியில் 1942 ஐக் கண்ணாடியில் பாருங்கள். கடைசி இரண்டுக்கு அடியில் ஒன்று தெரிந்தால், 1941 அச்சின் மேல் 1942 விழுந்த காசு அது, ஒதுக்கி வையுங்கள். வோஷிங்டன் கால் டொலரில் 1932 டி, 1932 எஸ் இரண்டையும் தேடுங்கள். இவற்றில் எழுத்து பின்பக்கத்தில் மாலைக்குக் கீழே இருக்கும்.

நிலைமை பற்றிச் சுருக்கமாகச் சொல்ல முடியாது, ஆனால் அடிப்படை எளிது. தரம் 1 இலிருந்து 70 வரை. 60 அல்லது அதற்கு மேல் என்றால் புழக்கத்துக்கே போகாத காசு. மோர்கனில் காதுக்கு மேலே உள்ள முடியையும் கழுகின் நெஞ்சு இறகையும் பாருங்கள், தேய்வு அங்கேதான் தொடங்கும். வோக்கிங் லிபர்ட்டியில் பெண்ணின் இடது கையும் பாவாடை மடிப்பும். மெர்குரியின் பின்பக்கத்தில் கோடரிக் கட்டின் நடுவே போகும் குறுக்குக் கட்டுகள் இரண்டாகப் பிரிந்து தெரிந்தால் விலை கூடும். பாவிக்காத காசை ஒற்றை மின்குமிழின் கீழ் சரித்துத் திருப்பினால் ஒளி வண்டிச் சில்லின் ஆரக்கால் போலச் சுழன்று வரும். தேய்ந்த காசில் அந்தச் சுழற்சி மேடான இடங்களில் அறுந்துபோகும். சில ஆண்டுகளில் இந்த ஒரு வேறுபாடே பெருந்தொகை. 1884 எஸ், 1892 எஸ் மோர்கன்கள் தேய்ந்த நிலையில் சாதாரண விலை, பாவிக்காத நிலையில் எட்டாத விலை. அதனால்தான் அவற்றில் மெருகேற்றிய போலித் தரமும் அதிகம்.

இனிச் சொல்லப்போவதை விற்க முன்னர் படித்தால் நல்லது. காசைத் துலக்காதீர்கள். வெள்ளிக் குத்துவிளக்கு துலக்குவது போலத் திருநீற்றைப் போட்டுத் தேய்ப்பார்கள், பற்பசை போடுவார்கள், தேசிக்காய் பிழிவார்கள், பழப்புளியில் ஊறப்போடுவார்கள். திருநீறு நுண்ணிய சாம்பல்தான், ஆனால் வெள்ளியின் மேல் அது மண்கடதாசி. தேய்த்த இடத்தில் ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள் விழும். சரிந்த வெளிச்சத்தில் எந்தச் சேகரிப்பாளரும் ஒரு நொடியில் கண்டுபிடிப்பார். கறுப்பு என்பது காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டாக்கிய மெல்லிய படலம். அதை எடுக்கும்போது காசின் தோலும் சேர்ந்து போகும். அலுமினியத் தாளும் அப்பச்சோடாவும் வெந்நீரும் சேர்த்துச் செய்யும் வித்தை கீறாது, உண்மைதான், ஆனால் காசு செத்த வெள்ளையாக வரும். பிளாஸ்டிக் உறையில் பலகாலம் கிடந்து பச்சையாகப் பிசுபிசுத்தால் மட்டும் தூய அசிற்றோனில் சில நிமிடம் ஊறவிட்டு, தேய்க்காமல் எடுத்து, காய்ச்சி வடித்த நீரில் அலசித் தானாகக் காயவிடலாம். கண்ணாடிப் பாத்திரத்தில் செய்யுங்கள், பிளாஸ்டிக் கரையும். அடுப்படியில் வேண்டாம், பற்றிக்கொள்ளும். நகப்பூச்சு அகற்றும் திரவத்தில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும், அது இதற்கு உதவாது.

பிள்ளையின் அரைஞாணில் கோக்கத் துளைத்த காசும், பதக்கமாக்க வளையம் வைத்துப் பற்றிய காசும் எந்த ஆண்டாக இருந்தாலும் சேகரிப்பு விலையில் பெரும்பகுதியை இழந்தவை. வெள்ளி எடைக்குப் பாருங்கள். பற்று வைத்த ஈயத்தின் நிறையைக் கழிப்பார்கள், அது நியாயம்.

விற்பதற்கு இங்கே உள்ள நேர்வழி நகைக்கடை. வங்கியும் நாணயமாற்றுக் கடையும் பொதுவாக வெளிநாட்டு நோட்டோடு நிறுத்திக்கொள்ளும், நாணயக் குத்தியை எடுக்காது. எடுத்தாலும் முகப்பெறுமதிக்கு, அதாவது ஏறக்குறைய ஏழாயிரம் ரூபா வெள்ளி உள்ள பெரிய டொலரை வெறும் ஒரு டொலருக்குக் கொடுத்துவிட்டு வருவீர்கள். நகைக்கடையில் உங்கள் காசு அமெரிக்காவினுடையது என்பதற்கு மதிப்பில்லை. "எந்த நாட்டுக் காசெண்டால் என்ன தம்பி, உருக்கினால் வெள்ளிதானே" என்பார் முதலாளி, அவர் தொழிலில் அது சரி. நீங்கள் கேட்க வேண்டியவை: இன்றைக்குத் தூய வெள்ளி கிராம் என்ன விலைக்கு வாங்குகிறீர்கள், இதை எத்தனை தூய்மையாக எடுக்கிறீர்கள், உருக்குக் கழிவு எவ்வளவு. தொண்ணூறு என்று ஒப்புக்கொண்டால் நிறையை 0.9 ஆல் பெருக்கிய கணக்கை அங்கேயே போட்டுக் காட்டலாம். எண்பது என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள். போர்க்கால ஐந்து சதத்தை மட்டும் அநேகமாக வேண்டாம் என்பார்கள். அதில் மங்கனீசும் கலந்திருப்பதால் சுத்தம் செய்வது தலைவலி, அதைச் சேகரிப்பாளருக்கு வைத்திருப்பதே மேல். உரைகல்லில் உரைக்கவும் அமிலம் விடவும் அரத்தால் கீறவும் விடாதீர்கள். உரைத்தே ஆக வேண்டும் என்றால், பேணியில் உள்ள மிகத் தேய்ந்த டைம் ஒன்றைக் கொடுங்கள்.

மேலே சொன்ன அரிய ஆண்டுகளில் ஒன்று தட்டுப்பட்டால் நகைக்கடைக்குக் கொண்டுபோகவே வேண்டாம். இரண்டு பக்கத்தையும் விளிம்பையும், பளிச்சொளி போடாமல், யன்னலோரப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுங்கள். தராசின் எண் தெரிய ஒரு படம். காசுகளுக்குத் தரச்சான்று கொடுக்கும் அமெரிக்க நிறுவனமான பி.சி.ஜி.எஸ். இன் கொயின்ஃபெக்ட்ஸ் இணையப் பக்கத்தில் அதே ஆண்டு, அதே எழுத்துக் காசின் படங்கள் தரவாரியாக இலவசமாகக் கிடைக்கும், ஒப்பிடுங்கள். அங்கே போட்டிருக்கும் விலை தரச்சான்று பெற்ற, பழுதில்லாத காசுக்குரியது. துலக்கிய காசுக்கு அது பொருந்தாது. இணைய ஏலத்தில் விற்பனைக்கு வைத்தவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பார்க்கும் வசதி உண்டு, அதில் வருவதுதான் விலை. தரச்சான்றுக்கு அனுப்புவதானால் கட்டணம், இருவழித் தபால், காப்புறுதி எல்லாம் கூட்டி, காசின் எதிர்பார்த்த விலை அதைப்போல நாலைந்து மடங்கு இருந்தால் மட்டும் யோசியுங்கள். 1921 மோர்கனை அனுப்புவது வீண் செலவு. ஏற்கனவே சான்றுப் பெட்டிக்குள் உள்ள காசு கிடைத்தால் பி.சி.ஜி.எஸ். அல்லது அதைப் போன்ற இன்னொரு நிறுவனமான என்.ஜி.சி. தளத்தில் அதன் இலக்கத்தைப் போட்டுப் பார்த்து, அங்கே படம் இருந்தால் கீறலுக்குக் கீறல் ஒப்பிடுங்கள். உண்மையான இலக்கத்தைத் திருடிப் போலிப் பெட்டி செய்கிறார்கள், இலக்கம் சரி என்பது மட்டும் போதாது.

விற்கும் வரை கடற்காற்று படாமல் வைப்பது இந்த ஊரில் தனி வேலை. காற்றுப் புகாத டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, ஒவ்வொரு காசையும் மைலார் (பாலியெஸ்டர் பிளாஸ்டிக்) உறையில் தனித்தனியாக வையுங்கள். மணக்கும் மென்பிளாஸ்டிக் அல்பம் வேண்டாம், பச்சைப் பிசுபிசுப்பு அதிலிருந்துதான் வருகிறது. செய்தித்தாளில் சுற்றி றப்பர் பாண்ட் போட்டு வைத்தால், றப்பரிலுள்ள கந்தகம் காசின் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு போடும். அந்தக் கோடு பிறகு போகாது.